பைக்கில் தனியாக முக்திநாத்: சென்னையிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுக்குத் தனியாக பைக் ஓட்ட நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நேபாளம்தான் சரியான முதல் நாடு. விசா வேண்டாம், நம் லைசென்ஸ் செல்லும், சாலையின் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். மற்ற பல நாடுகளுக்குக் கேட்கப்படும் கார்னே என்ற சுங்கப் பிணைப் புத்தகமும் தேவையில்லை. போய்ச் சேரும் இடமாக முக்திநாத்தை வைத்துக்கொள்வோம். 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலம் இதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,750 மீட்டர் உயரம்.

"இப்போது நேபாளம் போவது பாதுகாப்பா?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 8, 9 தேதிகளில் இளைஞர் போராட்டம் வெடித்து, பிரதமர் பதவி விலகி, காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டு, ஊரடங்கு வந்தது. 2024 ஜூலையில் நாராயண்கட்–முக்லிங் சாலையில் இரண்டு பேருந்துகளை நிலச்சரிவு திரிசூலி ஆற்றில் தள்ளியது. இரண்டு ஆபத்துமே உண்மையானவை. ஆனால் இரண்டிலும் அதிகம் மாட்டிக்கொள்பவர் அவசரத்தில் இருப்பவர்தான். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாக வேண்டும் என்பவர்தான் மழையில் மலையேறுவார், இரவில் ஓட்டுவார், கலவரம் நடக்கும் ஊரைக் கடக்கப் பார்ப்பார். ஆகவே திட்டம் நாட்காட்டியில்தான் தொடங்க வேண்டும். பைக் அதற்குப் பிறகு.

படி 1: தேதி

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், மலைச்சாலைகள் சரியும். அக்டோபர் பிறந்ததும் ஆபத்து தீர்ந்துவிடாது: 2025 அக்டோபர் முதல் வாரத்தில்கூட கிழக்கு நேபாளத்தின் இலாம் மாவட்டத்தில் பெரும் நிலச்சரிவு நேர்ந்தது. எல்லையை அக்டோபர் 15-க்குப் பிறகு கடக்கும்படி வையுங்கள். நேபாளிகளின் பெரிய பண்டிகையான தசைன் எப்போது வருகிறது என்றும் பாருங்கள். அந்த நாட்களில் அலுவலகங்களும் மெக்கானிக் கடைகளும் பூட்டிக் கிடக்கும்.

டிசம்பர், ஜனவரியைத் தவிர்ப்பதற்குக் காரணம் நேபாளம் மட்டுமல்ல. உத்தரப் பிரதேசத்துப் பனிமூட்டத்தில் முன்னால் நிற்கும் லாரியே கண்ணுக்குத் தெரியாது. மார்ச் இரண்டாம் பாதியும் நல்ல காலம்தான். ஏப்ரல் கடைசிக்குள் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் நாக்பூர் வெயில் வாட்டிவிடும்.

நாட்களை இப்படிக் கணக்கிடுங்கள். சென்னை–ஓங்கோல்–ஹைதராபாத்–நாக்பூர்–ஜபல்பூர்–பிரயாக்ராஜ்–கோரக்பூர் வழியாக சுனௌலி எல்லை சுமார் 2,150 கி.மீ. முதல்முறை போகிறவருக்கு ஏழு நாள். எல்லையிலிருந்து பைரஹவா, புட்வல், தான்சேன் வழியாக பொக்காரா இரண்டு நாள். அங்கிருந்து முக்திநாத் போகும் வழியில் பொக்காரா–பேனி 80 கி.மீ., பேனி–ஜோம்சோம் 80 கி.மீ. இந்த இரண்டாவது 80 கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: சமவெளியில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற தூரம்தானே என்று மதியம் கிளம்பி, இருட்டிய பிறகு பாறைச் சாலையில் தவிக்கிறார்கள். போக வர 22 நாள், அதற்கு மேல் எதற்கும் ஒதுக்காத 4 நாள். அந்த நான்கு நாள் இல்லையென்றால் பொக்காராவோடு திரும்புவதாகவே திட்டமிடுங்கள். அதுவும் நல்ல பயணம்தான்.

படி 2: ஆவணங்கள்

பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாக. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் அது பயண அடையாளமாக ஏற்கப்படும். ஆர்.சி., லைசென்ஸ், புகைச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் தாளாகவோ அட்டையாகவோ இருக்க வேண்டும். டிஜிலாக்கர் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் செல்லும். பைக் வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், அவருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும். எல்லாவற்றிலும் நான்கு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு.

அதிகம் பேர் விட்டுவிடுவது இன்சூரன்ஸ். சாதாரண பைக் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும்தான். கம்பெனியில் 'புவியியல் எல்லை நீட்டிப்பு' கேளுங்கள். பாலிசி மொழியில் இதை ஐ.எம்.டி. 1 என்பார்கள். கூடுதல் தொகை சிறியது. இணையத்தில் பாலிசி எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பொத்தானே இருக்காது, கிளை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித்தான் வாங்க வேண்டும். நேபாளம் என்ற பெயர் எழுதப்பட்ட தாள் கைக்கு வரும் வரை வேலை முடியவில்லை என்று வையுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

உங்கள் உடம்புக்கான பயண இன்சூரன்ஸ் தனி. அதில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: உங்கள் பைக்கின் சிசிக்கு அனுமதி உண்டா, எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு சேருமா. உயர வரம்பு 3,000 மீட்டர் என்று இருந்தால் முக்திநாத்தில் அந்தப் பாலிசி வெறும் தாள்.

படி 3: பைக்

புது பைக் வாங்க வேண்டியதில்லை. பல்சர், அப்பாச்சி, ஸ்ப்ளெண்டர், யூனிகார்ன், புல்லட் எல்லாம் நேபாளத்திலும் ஓடுகின்றன. பாகம் புட்வலிலும் பொக்காராவிலும் கிடைக்கும். அபூர்வமான விலையுயர்ந்த பைக்கைவிட உள்ளூர் மெக்கானிக்குக் கைவந்த பைக்தான் தனியாகப் போகிறவருக்குப் பாதுகாப்பு.

3,750 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சினின் இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் (எஃப்.ஐ.) பைக் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும், ஆனால் போன சக்தியைத் திருப்பித் தராது. கார்புரேட்டர் பைக்கில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும், பிளக் கறுத்து அடைத்துக்கொள்ளும். அதற்கு ஏர் ஃபில்டர் புதிதாக இருப்பதும், மாற்றுப் பிளக் ஒன்று கையில் இருப்பதும் பாதி மருந்து. மூட்டை 15 கிலோவைத் தாண்ட விடாதீர்கள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு சர்வீஸ் செய்து, அதன்பின் 300 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். முந்தைய நாள் சர்வீஸ் செய்தால், மெக்கானிக் இறுக்க மறந்த போல்ட் ஆந்திராவில்தான் தெரியவரும். டயர் பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே என்றால் புது டயர். செயின் ஸ்ப்ராக்கெட் பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். முன், பின் பிரேக் பேட் புதிது. பிரேக் ஆயில் இரண்டு வருடப் பழசு என்றால் அதுவும். ஜோம்சோமிலிருந்து இறங்கும்போது பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் ஆயில் கொதித்து, பெடல் தொளதொளவென்று போய்விடும். இரண்டாம் கியரிலேயே இறங்கிப் பழகுங்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஸ்பார்க் பிளக், ஃபியூஸ் நான்கு, செயின் லாக் இரண்டு, எம்-சீல், இன்சுலேஷன் டேப், ஜிப் டை இருபது, பைக்குக்குரிய ஸ்பேனர், ஆலன் கீ. டியூப்லெஸ் என்றால் பஞ்சர் குச்சி பத்தும் சின்ன ஏர் பம்பும். டியூப் டயர் என்றால் முன், பின் டியூப் ஒவ்வொன்று, டயர் லீவர் மூன்று. சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டு வாசலிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். செயினுக்கு 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய்.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி எதையும் எடுத்துப் போகாதீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் அவற்றைக் கட்டாயம் என்பார்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம், கைது வரை போகும்.

படி 4: எல்லையில்

சுனௌலிக்குக் காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். இந்தியக் காவலர்கள் பையைப் பார்த்தபின், எல்லை நுழைவு வளைவைத் தாண்டினால் நேபாளத்தின் பெலஹியா. யாரும் உங்களை நிறுத்தாமல் போகலாம். அதை நம்பிப் போய்விடாதீர்கள். 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு இல்லாமல் உள்ளே பிடிபட்டால் அபராதம், வண்டி பறிமுதல் வரை நீளும்.

பன்சார் அலுவலகத்தில் ஆர்.சி.யைக் காட்டி, எத்தனை நாள் என்று சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். நினைத்ததைவிட மூன்று நாள் கூட்டியே எழுதுங்கள். நிலச்சரிவில் சாலை அடைபட்டு நாள் தவறினால் கட்டும் அபராதத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பணம் ஒன்றுமில்லை. ஒரு வண்டிக்கு வருடத்தில் 30 நாள்தான். சீட்டில் வண்டி எண், தேதி இரண்டையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். ஓர் எழுத்து தவறினாலும் அடுத்த சோதனைச் சாவடியில் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அடுத்து 'யாதாயாத்' கவுண்டரில் சாலை அனுமதி. "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் ஏஜென்ட் தேவையில்லை, கொஞ்சம் இந்தி போதும்.

பணத்தை 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டு போங்கள், எங்கும் செல்லும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், நிலையான மாற்று விகிதம். யு.பி.ஐ. பல கடைகளில் வேலை செய்கிறது. மலைக்கு மேல் நம்பக் கூடாது. சிம் கார்டு நேபாள் டெலிகாம் வாங்குங்கள், முக்திநாத் இருக்கும் முஸ்தாங் மாவட்டத்தில் அதுவே அதிகம் எடுக்கிறது.

படி 5: வீட்டோடு தொடர்பு

2025 செப்டம்பர் 4-ஆம் தேதி நேபாள அரசு முடக்கிய 26 தளங்களில் வாட்ஸ்அப்பும் இருந்தது. வீட்டோடு பேச அது ஒன்றுதான் வழி என்றிருந்தவருக்கு ஒரே இரவில் வழி அடைபட்டது. எனவே சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும்தான் அடிப்படை.

வீட்டில் ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காலையில் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றும், மாலை 7 மணிக்குள் சேர்ந்துவிட்டேன் என்றும் அவருக்குச் செய்தி. 10 மணி வரை வரவில்லையென்றால் அன்றைய விடுதிக்கு அழைப்பு. மறுநாள் காலை 10 மணிக்கும் இல்லையென்றால் நேபாளச் சுற்றுலாக் காவல் 1144, காத்மாண்டு இந்தியத் தூதரகம். 1144 போன்ற எண்கள் நேபாளத்துக்குள்தான் இயங்கும், அதனால் விடுதிக்காரரை அழைக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். காவல் 100, ஆம்புலன்ஸ் 102. ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் ஆகியவற்றை இந்தியில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு ஜாக்கெட்டின் மார்புப் பையில் வையுங்கள். நேபாளியும் தேவநாகரி எழுத்துதான், படித்துவிடுவார்கள்.

'பந்த்' (கடையடைப்பு), 'சக்கா ஜாம்' (வண்டிகளை ஓடவிடாத மறியல்) என்ற சொற்களைக் காலை டீக்கடையில் கேட்டால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம். சாவியை அறையிலேயே வைத்துவிட்டு நடந்து போங்கள்.

படி 6: பேனிக்கு மேலே

பொக்காராவில் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சார்க் நாட்டினருக்குத் தனிக் கட்டணம். பேனியில் டேங்கை முழுதாக நிரப்புங்கள். முக்திநாத் போய் பேனிக்கே திரும்ப 210 கி.மீ. 12 லிட்டர் டேங்கில், ஏற்றத்தில் மைலேஜ் லிட்டருக்கு 25-ஆகக் குறைந்தாலும் போய் வந்துவிடலாம்.

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்ததும் எழும் காற்று மாலை வரை ஓயாது. பக்கவாட்டில் தள்ளும், மணலை வாரி இறைக்கும். தானா அருகே ரூப்சே அருவியின் நீர் சாலையில் ஓடலாம். முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், நடுவில் கிளட்ச் பிடிக்கக் கூடாது. முன்னால் ஒரு ஜீப் போவதைப் பார்த்து ஆழம் தெரிந்த பிறகே இறங்குங்கள்.

பொக்காராவின் உயரம் 820 மீட்டர்தான். அங்கிருந்து ஒரே மூச்சில் முக்திநாத் ஏறி அங்கேயே தங்குவது, காற்று மெலிந்த உயரத்தில் உடல் பழகாமல் வரும் உயர நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். முதல் இரவு தாதோபானி, இரண்டாம் இரவு மார்பா அல்லது ஜோம்சோம் (2,700 மீட்டர்), மூன்றாம் நாள் காலை மேலே போய் தரிசனம் முடித்து இறங்கிவிடுங்கள். தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம் வந்தால் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். உடனே இறங்குங்கள். தள்ளாட்டம் இருக்கும்போது ஹேண்டிலைத் தொடாமல் ஜீப் பிடித்து இறங்குங்கள், பைக் அங்கேயே கிடக்கட்டும்.

கோயிலில் 108 பசுமுகத் தாரைகளில் நீராடுபவர்கள் துண்டும் முழு மாற்று உடையும் கொண்டு போக வேண்டும். ஈரத் துணியின் மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் காற்றில் இறங்கினால், கை விரைத்து பிரேக் லீவரைப் பிடிக்க முடியாது. நீராடிய பின் வெயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்து, சூடாக ஏதாவது குடித்து, விரல்கள் தடையில்லாமல் மடங்குகின்றனவா என்று பார்த்துவிட்டுச் சாவியைப் போடுங்கள்.