பூங்காவில் தெருக்கூத்துப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலையொட்டி நடைபெறும் சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்று, 2023-இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் வந்தது. அந்த நாள்களில் மாநகரப் பூங்காக்களில் இரவு நேரத்தில் தெருக்கூத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால், கூத்துக்குப் பழகாதவர்கள் சில தவறுகளால் அதன் சுவையை இழந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, தாமதமாக வருவது. ஊர்ப்புறத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடப்படும் கதை பூங்காவில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கப்படுகிறது. ஆகவே கால் மணி நேரம் பிந்தினாலும் இழப்பு பெரிது. அதிலும் தவறவிடக் கூடாதது திரைப் பிரவேசம். இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து முதலில் குரல் மட்டும் விருத்தமாக எழும். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய கால்களும் தெரியும். முகவீணை என்னும் சிறு ஊதுகருவியும் மிருதங்கமும் வேகமெடுத்த பிறகுதான் செந்நிறம் பூசிய துரியோதனனின் முகம் வெளிப்படும். அந்தக் காத்திருப்பைக் கண்டவருக்கே பின்னர் வரும் அரசனின் ஆட்டத்தில் உள்ள மிடுக்கு முழுமையாக விளங்கும்.

அடுத்தது, பாட்டு விளங்கவில்லை என்று ஐந்தே நிமிடத்தில் எழுந்து போவது. ஒலிபெருக்கியில் சொற்கள் சிதைவது உண்மைதான். எனினும், வேடம் கட்டியவர் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவது கூத்தின் மரபு. முதல்முறை நழுவிய சொல்லை இரண்டாம்முறை பிடித்துக்கொள்ளலாம். கதையின் தொடர்பு விடுபட்டாலும், கூத்தை நடத்திச் செல்லும் வேடிக்கைப் பாத்திரமான கட்டியங்காரன் பேச்சுத் தமிழில் அதை எடுத்துச் சொல்லிவிடுவான். அவனை வெறும் கோமாளி என்று எண்ணி, அவன் பேசும் நேரத்தில் தேநீர் வாங்கப் போகிறவர்கள் கதையின் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமரவும் கூடாது. கூத்து மூன்று பக்கமும் மக்கள் சூழ்ந்திருக்க ஆடப்படும் கலை என்பதால், கடைசி வரிசையின் நடுவிடத்தைவிடப் பக்கவாட்டில் முன்வரிசையே மேலானது. தை மாதத்துப் பனியும் கொசுவும் பூங்காவில் கடுமையாக இருக்கும். ஒரு பாயும் சால்வையும் போதும்.

என்னை மிகவும் வருத்துவது கைப்பேசி விளக்கு. ஒருமுறை பூங்காவொன்றில் துகிலுரிதல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது, முன்னால் நின்ற இளைஞர் திரௌபதி வேடத்தவரின் கண்ணுக்கு நேரே விளக்கைப் பிடித்தார். அந்தக் கலைஞர் ஒரு கணம் கண்ணை மூடித் தடுமாறி, தாளத்தை மீண்டும் பிடித்துக்கொண்டார். வடமாவட்டங்களில் அந்தக் காட்சி வழிபாட்டுக்கு இணையானது. அங்கே கர்ண மோட்சம் கூத்தை இறந்தவர்களுக்கான காரிய இரவிலும் நடத்துவார்கள். பூங்கா மேடைக்கு வந்தாலும் கலைஞர்கள் அந்தப் பயபக்தியைக் கைவிடுவதில்லை. ஆகவே இத்தகைய காட்சிகளின்போது உரக்கப் பேசுவதையும் மேடையோரம் நெருங்கித் தற்படம் எடுப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்தவுடன் கலைஞர்களைச் சூழ்ந்துகொண்டு கிரீடத்தைத் தொட்டுப் பார்ப்பதும் தவறே. அது கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கட்டை அணிகலன், எளிதில் சேதமடையக்கூடியது. தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைக் கலைத்து அவர்கள் சற்று மூச்சு வாங்கிய பிறகு அருகே சென்று, அவர்களுடைய ஊர் எது, அங்கே விடிய விடிய நடக்கும் கூத்து எந்த மாதத்தில் என்று கேட்டுப் பாருங்கள். நாள், ஊர், பேருந்து இறங்க வேண்டிய நிறுத்தம் வரை சொல்லி அனுப்புவார்கள்.