வர்த்தகச் சின்னத்தைப் பதியுமுன் பதிவேட்டில் தேடும் முறை

தேர்ந்தெடுத்த பெயரைப் பதிவேட்டின் தேடல் பெட்டியில் அப்படியே தட்டிப் பார்த்து, எதுவும் கிடைக்கவில்லை என்றதும் விண்ணப்பித்துவிடுவது பலரின் வழக்கம். அந்தத் தேடலால் பெரிதாகப் பயனில்லை. ஏனெனில் பரிசீலிக்கும் அலுவலர் அதே எழுத்துகளை மட்டும் தேடுவதில்லை, ஒலியிலோ தோற்றத்திலோ பொருளிலோ நெருங்கி நின்று வாங்குபவரைக் குழப்பக்கூடிய முந்தைய சின்னம் உண்டா என்று பார்க்கிறார்.

முதலில் உங்கள் சரக்கோ சேவையோ எந்த வகுப்பில் அடங்கும் என்பதை முடிவு செய்யுங்கள். 1957-ஆம் ஆண்டின் நீஸ் உடன்பாட்டிலிருந்து வந்த வகைப்பாட்டில் சரக்குகளுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. காலணிக்குப் பெயர் தேடுபவர் 25-ஆம் வகுப்போடு நின்றுவிடாமல், தோல் பைகள் அடங்கும் 18-ஐயும் சில்லறை விற்பனைச் சேவை அடங்கும் 35-ஐயும் பார்க்க வேண்டும். வகுப்பு எண் நிர்வாக வசதிக்கானதே; வெவ்வேறு வகுப்பில் இருந்தாலும் சரக்குகள் தொடர்புடையவையாகக் கருதப்படலாம்.

அடுத்தது ஒலி. இங்கேதான் பொறுமை வேண்டும். 'ஃபீனிக்ஸா' என்று ஒரு பெயரை வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதன் தொடக்கத்தை எஃப் என்றும் பி-எச் என்றும் எழுதலாம். நடுவில் எக்ஸ், கே-எஸ், சி-கே-எஸ் ஆகிய மூன்றுக்கும் வாய்ப்புண்டு. 'ஈ' ஒலிக்கு இரட்டை இ, இ-ஏ, ஐ என்று பல வடிவங்கள். இவற்றைக் கலந்து ஒவ்வொன்றாகத் தேடிய பின், 'நிக்ஸ்' என்ற நடுத்துண்டை மட்டும் வைத்து, அது எங்கு வந்தாலும் காட்டும்படி தேடுங்கள். பல தளங்களில் இதற்கு நட்சத்திரக் குறி உதவும். ஒலியொப்புத் தேடல் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தமிழ் எழுத்தில் பதியப்பட்ட சின்னங்களுக்குத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். பொருளையும் மறவாதீர்கள்: ஃபீனிக்ஸ் பறவையின் படம் மட்டுமே கொண்ட சின்னம்கூடத் தடையாகலாம். படங்களைத் தேட வியன்னா வகைப்பாட்டின் குறியீட்டு எண்கள் உண்டு.

எங்கே தேடுவது? பாதுகாப்பு வேண்டிய நாட்டின் பதிவகத் தளமே முதன்மையானது. பிற நாடுகளுக்கு உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ், ஐரோப்பிய ஒன்றிய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் டிஎம்வியூ ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன.

முடிவுகளில் நிலையைக் கவனித்துப் படியுங்கள். நிலுவையிலுள்ள விண்ணப்பமும் தடைதான். காலாவதியானது என்று கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம்: தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுப்பிப்புக் கட்டணத்துக்குக் குறைந்தது 6 மாதச் சலுகைக் காலம் உண்டு, அதன் பின்னும் மீட்கச் சில நாடுகள் இடம் தருகின்றன.

பதியாமலே புழங்கும் பெயர்களுக்கும் பல நாடுகளில் உரிமை உண்டு என்பதால், தேடுபொறி, செயலிக் கடைகள், டொமைன் பெயர்கள், நிறுவனப் பதிவேடு ஆகியவற்றையும் பாருங்கள். நெருக்கமான ஒன்று தென்பட்டால், விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துமுன் சின்னங்கள் துறை வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

தேடிய சொல், வகுப்பு, தேதி மூன்றையும் குறித்து வைத்து, விண்ணப்பிக்கும் நாளன்று மீண்டும் ஒருமுறை தேடுங்கள். அப்போதும் ஓர் இடைவெளி எஞ்சும்: வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் 6 மாதங்களுக்குள் உங்கள் நாட்டில் விண்ணப்பித்து, அந்தப் பழைய தேதிக்கே முன்னுரிமை கோர முடியும்.