கோளின்ர சத்தமோ எங்கட டைனமோவின்ர சத்தமோ: விண்கல அலைக்கருவித் தரவில விடக்கூடாத பிழையள்

90களில வன்னிக்குள்ள கரண்டும் இல்லை பற்றரியும் வராது, சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைக் கையால சுத்தி டைனமோவில தான் றேடியோ கேட்டனாங்கள். அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் பிபிசி தமிழோசை கேக்கிறதுக்கு நான் தான் சுத்துற ஆள். செய்திக்குப் பின்னால ஒரு இரைச்சல் எப்பவும் இருக்கும், வேகமாச் சுத்தினால் கீச்சிடும், கை களைச்சு மெதுவாக்கினால் தடிக்கும், அதில இருந்தே தெரியும் அது கடல் கடந்து வாற சத்தம் இல்லை என்ர கையால வாற சத்தம் எண்டு.

இப்ப ஏஎல் பிள்ளையளுக்குப் பௌதிகவியல் சொல்லிக் குடுக்கேக்க, வியாழனின்ர சத்தம், சனியின்ர சத்தம் எண்டு வட்சப்பில வாற ஓடியோவைப் போட்டுக் காட்டி இது உண்மையோ சேர் எண்டு கேப்பினம். உண்மை தான், ஆனா அதை விளங்கிக்கொள்ளுறதில தான் பிழை நடக்குது.

முதல் பிழை, அங்க ஏதோ மைக் வைச்சுப் பதிஞ்சது எண்டு நினைக்கிறது. மைக் ஒண்டும் இல்லை, இருக்கிறது அன்ரெனா. வியாழன், சனி எண்டு கடந்து போன வொயேஜர் கலங்களுக்கு 10 மீற்றரில ரெண்டு, சனியைச் சுத்தின கசினிக் கலத்துக்கு 10 மீற்றரில மூண்டு, அதோட காந்தப்புலம் ஆடுறதைப் பிடிக்கிற கம்பிச்சுருளும். அதுகள் தாறது வோல்ற்றளவு ஏறி இறங்கிற கணக்கு, அதைத் தான் பிறகு ஸ்பீக்கருக்குள்ள விடுறது. சிலதை அப்பிடியே விடலாம், ஏனெண்டால் அலையின்ர அதிர்வெண்ணே எங்கட காதுக்குக் கேக்கிற எல்லைக்குள்ள இருக்கும். சிலதை மாத்தித் தான் விடோணும். 2021 ஜூன் 7 யூனோ விண்கலம் வியாழனின்ர நிலா கனிமீட்டுக்குக் கிட்டப் போகேக்க எடுத்த அந்த 50 செக்கன் ஓடியோ அப்பிடி அதிர்வெண்ணைக் கீழ இறக்கினது. நடுவில சத்தம் டக்கெண்டு மேல போகும் பாருங்கோ, அது கலம் கனிமீட்டின்ர காந்தமண்டலத்தில, அதாவது அதின்ர காந்தப்புலம் ஆளுற வெளியில, வேற ஒரு பகுதிக்குள்ள போன இடம். ஓடியோவை எவ்வளவு மாத்தினது எண்டு தெரியாமல் 'வியாழன் இத்தினை ஹேர்ட்ஸில பாடுது' எண்டு எழுதாதேங்கோ.

அடுத்தது தான் என்ர டைனமோ கதை. கலத்துக்குள்ளயே மின்சுற்று, மோட்டர், வேற கருவியள் எல்லாம் ஓடுது, அதுகளும் அன்ரெனாவில ஏறும். நேரம் போகப் போக என்னென்ன அதிர்வெண் வந்தது எண்டு கீறுற படத்தில மணிக்கணக்கா அசையாமல் ஒரே அதிர்வெண்ணில நேர்கோடு போட்ட மாதிரி ஒண்டு போனால் முதல்ல கலத்தைச் சந்தேகப்படுங்கோ, கோளைப் பிறகு பாக்கலாம். தூசியும் இருக்கு. 1981இல வொயேஜர் 2 சனியின்ர வளையத் தளத்தைக் கடக்கேக்க அன்ரெனாவில பட படவெண்டு துடிப்பு, அது அலையே இல்லை, தூசி வந்து மோதி ஆவியாகி ஒரு சின்னப் பிளாஸ்மா (இலத்திரனும் அயனும் பிரிஞ்சு நிக்கிற வாயு) முகிலாகி வெடிக்கிறது. அதே தூசிச் சத்தத்தை 2017 ஏப்ரலில கசினி சனிக்கும் வளையத்துக்கும் இடையில முதல் தரம் பாயேக்க எதிர்பாத்துக்கொண்டு இருந்தவை, கிட்டத்தட்ட ஒண்டும் கேக்கேல்ல. கேக்காததும் தரவு தான், அந்த இடைவெளி வெறுமையா இருக்கு எண்டு அப்பத் தான் தெரிஞ்சது.

மறுபக்கமும் பிழை விடலாம். 1955இல பேர்க், ஃபிராங்க்ளின் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில 22.2 மெகாஹேர்ட்ஸில வந்த இரைச்சலை முதல்ல ஏதோ தரைக்குழப்பம் எண்டு தான் நினைச்சினம், பாத்தால் அது வியாழன்.

அப்ப ஏன் கலம் அனுப்போணும், குளக்கட்டில பெரிய அன்ரெனா ஒண்டு நட்டால் காணாதோ எண்டு ஒரு பெடியன் கேட்டவன். நல்ல கேள்வி. வியாழனின்ர அலை 40 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் போறதால தரைக்கு வருகுது. சனியின்ரது பெரும்பாலும் 1 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ, அது பூமிக்கு மேல மின்னேறின வளியா இருக்கிற எங்கட அயன்மண்டலத்தில பட்டுத் திரும்பிப் போயிடும், கிட்டத்தட்ட 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ வெளியில இருந்து ஒண்டும் உள்ள வராது. சிற்றலையைத் தெறிக்க வைச்சு தமிழோசையை எங்கட முத்தத்துக்குக் கொண்டு வந்து தந்ததும் அதே கூரை தான், அதை நினைக்க எனக்கு இப்பவும் மனம் நிறையும்.

றேடியோ அலையையும் பிளாஸ்மா அலையையும் ஒண்டாப் போட்டுக் குழப்பிறது தான் நான் கூடக் காணுற பிழை. கோயில் லவுட்ஸ்பீக்கர் அடுத்த ஊருக்கும் கேக்கும், இரணைமடுக் குளத்துத் தண்ணியில ஓடுற சின்ன அலையை அறியோணும் எண்டால் காலைத் தண்ணிக்குள்ள வைக்கோணும். றேடியோ அலை வெளியில தப்பி வரும், பிளாஸ்மா அலை அந்தப் பிளாஸ்மாவுக்குள்ள தான் ஓடும். அதால பிளாஸ்மா அலை கலம் நிக்கிற இடத்தைப் பற்றித் தான் சொல்லும், முழுக் கோளைப் பற்றி இல்லை. றேடியோ அலை தூரத்தில இருந்து வாறதால எங்க இருந்து வருகுது எண்டதிலயும் பிழை விடலாம். மின்னலை எடுங்கோ, ஐப்பசி மழைக்கு றேடியோவில கர கரவெண்டு வாறது எல்லாருக்கும் தெரியும், சனியில வொயேஜர் 1 அப்பிடி ஒண்டைக் கேட்டது, ஆனா சிலர் அது வளையத்தில இருந்து வருகுது எண்டு நினைச்சவை. வளிமண்டலப் புயல் எண்டு பிறகு தான் உறுதியாச்சு, 2009இல கசினியின்ர கமரா மின்னல் வெளிச்சத்தையே பிடிச்சது.

சனியின்ர நாள் நீளத்திலயும் அனுபவசாலியளே சறுக்கினவை. றேடியோத் துடிப்பை வைச்சு வொயேஜர் சொன்னது 10 மணி 39 நிமிசம் 24 செக்கன், கசினி போய்ப் பாக்க 10 மணி 45 நிமிசம் 45 செக்கன். இருபது சொச்ச வருசத்தில ஒரு கோள் 6 நிமிசம் மெதுவாகாது. துடிப்பு காந்தமண்டலத்தின்ரது, வடக்குக்கு ஒரு கணக்கு தெற்குக்கு ஒரு கணக்கு எண்டு மாறிக்கொண்டு இருக்கும், அதை உள்ளுக்க கோள் சுத்துற நேரம் எண்டு எடுக்கேலாது.

கடைசியா கணக்குப் பிழை. பிளாஸ்மா அதிர்வெண் கிலோஹேர்ட்ஸில எண்டால் 8.98ஐ, ஒரு கனசென்றிமீற்றரில இருக்கிற இலத்திரன் எண்ணிக்கையின்ர வர்க்கமூலத்தால பெருக்கினது. வர்க்கமூலத்தை விட்டிடுவினம், அதிர்வெண் இரட்டிச்சால் அடர்த்தியும் இரட்டிக்கும் எண்டு எழுதுவினம், இல்லை, நாலு மடங்கு. வொயேஜர் 1இல பிளாஸ்மாவை நேரா அளக்கிற கருவி 1980இலயே பழுதாப் போச்சு, 2013 ஏப்ரலில இந்த அலைக்கருவி தான் 2.6 கிலோஹேர்ட்ஸ் பிளாஸ்மா அதிர்வொண்டைப் பிடிச்சது. 2.6ஐ 8.98ஆல பிரிச்சு வர்க்கிச்சுப் பாருங்கோ, ஒரு கனசென்றிமீற்றருக்கு 0.08 இலத்திரன் வரும். சூரியக்காற்று ஊதி வைச்சிருக்கிற சூரியமண்டலக் குமிழுக்குள்ள இருந்தால் அதை விடக் கனக்கக் குறைவா இருந்திருக்கோணும், அப்ப கலம் வெளியில போயிட்டுது. பின்னுக்குக் கணக்குப் பாத்து எல்லை தாண்டின நாள் 2012 ஆகஸ்ட் 25 எண்டு குறிச்சினம்.