வைரப் பட்டடை சிமுலேஷன்: ஆப்டிமைசர் என் துளையை மூடிய கதை

வைரப் பட்டடை என்பது இரண்டு வைரங்களை நுனிக்கு நுனி வைத்து, நடுவில் இருக்கும் பொருளை அழுத்தும் கருவி. 1958-ல் அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகத்தில் பிறந்தது. நுனியின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் என்றால், 360 கிலோ சுமை போதும். சராசரி அழுத்தம் 50 ஜிகாபாஸ்கலை (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் ஐந்து லட்சம் மடங்கை) தொட்டுவிடும். கையால் திருகும் நாலு திருகாணியே இதைச் செய்துவிடும்.

இந்தக் கருவியின் வடிவத்தைக் கணினி சிமுலேஷனில் சீராக்கப் பார்த்தபோது நான் செய்த முதல் தவறைச் சொல்கிறேன். வைரத்தின் முதுகு டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினப் பொருளால் ஆன இருக்கையில் உட்காரும். ஒளி போய்வர இருக்கையின் நடுவே ஒரு துளை உண்டு. வைரத்தில் இழுவிசைத் தகைவை (இழுத்துப் பிளக்கப் பார்க்கும் உள்விசையை) குறை என்று மட்டும், சிறந்த வடிவத்தைத் தானே தேடும் நிரலான ஆப்டிமைசரிடம் சொன்னேன். இரவெல்லாம் ஓடி, காலையில் துளையையே மூடி வைத்திருந்தது! வலிமைக் கணக்கில் அது சரிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லை. எக்ஸ்ரேக்கு எத்தனை டிகிரி திறப்பு வேண்டும் என்பதை முதலிலேயே நிபந்தனையாகப் போடுங்கள்.

அதே துளையின் விளிம்பைக் கூர்மூலையாக வரைவது அடுத்த தவறு. மெஷ்ஷை (கணக்கிடுவதற்காக வடிவத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நுணுக்க நுணுக்க அங்கே தகைவு ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அந்தப் பொய் எண்ணைத் துரத்தித்தான் ஆப்டிமைசர் வடிவத்தை மாற்றும். விளிம்புக்குச் சின்ன வளைவு கொடுத்து, எண் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ்கெட்டில்தான், அதாவது இரு நுனிகளுக்கும் நடுவே பொருளைச் சுற்றி வைக்கும் உலோகத் தகட்டில்தான், பலரும் சறுக்குகிறார்கள். கால் மில்லிமீட்டர் ரீனியம் தகடு, முன்கூட்டியே அழுத்தி 30, 40 மைக்ரானாக மெலிந்து, பிறகும் பக்கவாட்டில் பிதுங்கி ஓடும். மையத்திலிருந்து விளிம்புக்கு அழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதை அதன் தடிமனும் வலிமையும்தான் தீர்மானிக்கின்றன. அழுத்தம் ஏற ஏற உலோகத்தின் வலிமையும் ஏறும். புத்தகத்தில் இருக்கும் சாதாரண அழுத்த மதிப்பைப் போட்டால் விடை குறைவாகவே வரும்.

வைரம் வளையாது என்று வைத்துக்கொள்வதும் ஆபத்து. 300 ஜிகாபாஸ்கல் அளவில் அதன் நுனி கிண்ணம்போல் குழிவதை 1997-லேயே எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டார்கள். பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் சேர்க்கும் தெரிவை மறக்காமல் போடுங்கள்.

அப்புறம், நடு அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் என்று கொள்ளும் அச்சுச் சமச்சீர் மாதிரியில் வைரங்கள் எப்போதும் நேராகவே நிற்கும். ஆய்வகத்தில் அப்படி நிற்காது. கடைசி வடிவத்தையாவது முப்பரிமாணத்தில், லேசாகச் சாய்த்து ஓட்டுங்கள்.

மாதிரியைச் சரிபார்க்க, அழுத்தத்தை அளக்க உள்ளே வைக்கும் ரூபித் துகள் காட்டும் ஒற்றை அழுத்தம் போதாது, அது ஒரு புள்ளிதான். எக்ஸ்ரேயைக் கேஸ்கெட் எவ்வளவு உட்கவர்கிறது என்பதிலிருந்து கிடைக்கும் அதன் தடிமன், மையத்திலிருந்து விளிம்புவரை எப்படி மாறுகிறது என்பதையும் ஒப்பிட்டால்தான் மாதிரி எங்கே பொய் சொல்கிறது என்று தெரியும்.