தத்துவமும் பொதுக் கொள்கையும் படிக்கும் இணைய வாசிப்புக் குழு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்கை அணைக்க மறப்பது, கூட்ட இணைப்பைக் கடைசி நிமிடத்தில் அனுப்புவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. இரண்டாவது கூட்டத்திலேயே அவை தானாகச் சரியாகிவிடும். குழுவைக் கலைப்பவை வேறு. புதிதாகத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகளே அதே வரிசையில் திரும்ப வருகின்றன.

பெரிய நூலோடு தொடங்குவது

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ என்ற நூல் ஏறக்குறைய 600 பக்கம், 87 பிரிவுகள். கூட்டத்துக்கு 20 பக்கம், இரண்டு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று வைத்தால் முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். ஐந்தாவது கூட்டத்துக்கு மேல் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். அடர்த்தியான தத்துவ நடையில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் பிடிக்கும், ஆகவே 20 பக்கம் என்பதே 80 நிமிட வேலை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஒரே கூட்டத்தில் முடிகிற கட்டுரையோடு தொடங்குங்கள். வசதி உள்ளவர்கள் பஞ்சத்தில் வாடுகிறவர்களுக்கு உதவியே ஆக வேண்டும் என்று வாதிட்டு ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரை 15 பக்கம்தான். ரால்ஸ்தான் வேண்டும் என்றால் 1–4, 11–13, 24 ஆகிய பிரிவுகள் மூன்று கூட்டத்துக்குப் போதும்.

பக்க எண்ணைச் சொல்வது

ஒருவரிடம் 1971 பதிப்பு, இன்னொருவரிடம் 1999இன் திருத்திய பதிப்பு, மூன்றாமவரிடம் பிடிஎஃப். பிரிவு எண்ணையோ அத்தியாயத்தையும் பத்தியையுமோ சொல்லுங்கள்.

நேராகக் கொள்கைக்குத் தாவுவது

குழுக்கள் அதிக விலை கொடுப்பது இந்தத் தவற்றுக்குத்தான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறையவில்லை.

காட்சி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலின் முதல் அத்தியாயத்தை எல்லோரும் படித்து வந்திருக்கிறார்கள். ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராகக் கட்டாயப்படுத்த வேண்டுமானால் அது பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்காக மட்டுமே இருக்கலாம், அவருடைய சொந்த நன்மை போதிய காரணம் ஆகாது என்பது அங்கே வரும் கோட்பாடு. நெறியாளர் வணக்கம் சொன்ன கையோடு, “அப்படியானால் ஹெல்மெட் சட்டம் சரியா, தப்பா?” என்று கேட்டுவிடுகிறார். ஒருவர் உறவினரின் விபத்தைச் சொல்கிறார். இன்னொருவர் அரசு எதில்தான் தலையிடவில்லை என்று ஆரம்பிக்கிறார். மூன்றாமவர் ஆஸ்பத்திரிச் செலவைக் கொண்டுவருகிறார். ஐம்பது நிமிடம் ஓடிவிடும். புத்தகத்தை ஒருவரும் திறந்திருக்கமாட்டார்.

கூட்டம் கலகலப்பாக இருந்ததால் நன்றாக நடந்ததாகத் தோன்றும். ஆனால் படிக்காமல் வந்தாலும் பேசலாம் என்பதை அன்றைக்கு எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த முறை பாதிப் பேர் படிக்கமாட்டார்கள். அதற்கடுத்த முறை, சிரமப்பட்டுப் படித்து வந்த இரண்டு பேர் சொல்லாமல் நின்றுகொள்வார்கள். மிஞ்சுவது செய்தி அரட்டை.

நெறியாளர் இதைச் செய்வது மௌனத்துக்குப் பயந்து. கொள்கை பற்றி எல்லோருக்கும் கருத்து உண்டு, மில்லின் மூன்றாவது பத்தியைப் பற்றி யாருக்கும் இருக்காது. அந்த மௌனம் ஒரு நிமிடம் நீடிக்கட்டும், விட்டுவிடுங்கள்.

90 நிமிடக் கூட்டத்தில் முதல் 35 நிமிடம் வாதத்துக்கு மட்டும். எல்லோரும் பார்க்கும்படி ஒரு கூகுள் டாக்கை ஸ்கிரீனில் காட்டி, ஆசிரியரின் வாதத்தை எண் போட்டு ஆறு வரிக்குள் எழுதுங்கள். ஹெல்மெட் விஷயத்துக்கு அதைப் பொருத்தினால் மூன்றே வரிதான்:

1. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம்.
2. ஹெல்மெட் போடாதவர் தனக்கு மட்டுமே தீங்கு செய்துகொள்கிறார்.
3. ஆகவே அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இப்போது அந்த ஆஸ்பத்திரிச் செலவு வரட்டும். அது எந்த வரியைத் தாக்குகிறது? இரண்டாவதை. அதற்குள்ளும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. செலவு உண்மையிலேயே பொதுப் பணத்தில் விழுகிறதா, எவ்வளவு? இது தகவல். செலவைப் பிறர் பகிர்ந்துகொள்ள நேர்வது மில் சொல்லும் ‘தீங்கு’ ஆகுமா? இது சொல்லின் பொருள். முதலாவதை மில்லைப் படித்துத் தீர்க்க முடியாது, இரண்டாவதைப் புள்ளிவிவரம் தீர்க்காது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் வாதம் செக்குமாடு மாதிரி சுற்றுகிறது.

அதனால் டாக்கில் ஒவ்வொரு மறுப்புக்கு முன்னாலும் ஒரு சொல் போடுங்கள்: ‘தகவல்’, ‘பொருள்’, ‘மதிப்பு’ (எது சரி, எது முக்கியம் என்ற கேள்வி). தகவல் என்று குறித்ததை அங்கேயே நிறுத்திவையுங்கள், ஒருவர் பொறுப்பேற்று அடுத்த கூட்டத்துக்குப் பார்த்து வரட்டும். நடுவில் தேடி, வந்த முதல் வரியை வாசித்துக்காட்டுகிறவரைத் தயங்காமல் தடுக்கலாம். பொருள் என்று குறித்ததற்கு நூலுக்குத் திரும்புங்கள். தனக்குச் செய்துகொள்ளும் கேடு தன்னைச் சார்ந்தவர்களையும் பாதிக்கும் என்ற மறுப்பை நான்காம் அத்தியாயத்தில் மில்லே எடுத்துப் பேசுகிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் பழுதான பாலத்தில் ஏறப்போகிறவரின் உதாரணம் வருகிறது. எச்சரிக்க நேரமில்லை என்றால் அவரைப் பிடித்து நிறுத்தலாம். ஆபத்து உறுதியில்லை, வெறும் வாய்ப்புதான் என்றால், விவரம் தெரிந்த பெரியவரை எச்சரிப்பதோடு நிற்க வேண்டும். விஷம் விற்பதைத் தடுப்பதற்குப் பதிலாகப் புட்டியில் எச்சரிக்கை எழுதச் சொல்வதும் அதே அத்தியாயத்தில்தான்.

இதற்குப் பிறகு கடைசி 30 நிமிடத்தில் கொள்கைக்கு வாருங்கள். கேள்வியே மாறியிருக்கும். சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது போய், எச்சரிக்கையா அபராதமா, எந்த வயதிலிருந்து, பின்னால் உட்காரும் குழந்தைக்கு விதி வேறா என்று வரும். மில்லின் கோட்பாடு குழந்தைகளுக்குப் பொருந்தாது என்பதை முதல் அத்தியாயத்திலேயே படித்தவர்கள் இருப்பார்கள், சொல்வார்கள்.

அறிமுகம் என்ற பெயரில் விரிவுரை

ஏழு நிமிடம். அதற்குள் முடியவில்லை என்றால் அது அறிமுகம் இல்லை. அறிமுகம் செய்கிறவரை ஒரு பத்தியை உரக்க வாசித்துவிட்டு இரண்டு கேள்வியோடு நிறுத்தச் சொல்லுங்கள். “கட்டுரை எப்படி இருந்தது?” என்பது கேள்வியே அல்ல. அதே அளவு முக்கியமான எதையும் இழக்காதவரை தீங்கைத் தடுக்க வேண்டும் என்பது சிங்கரின் வலுவான வடிவம். அறநோக்கில் முக்கியமான எதையும் இழக்காதவரை என்பது மிதமானது. “மிதமானதையே எடுத்துக்கொண்டால் அவருடைய முடிவில் எவ்வளவு மிஞ்சும்?” என்று கேளுங்கள். படித்தவர்களால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

எதிர்த்தரப்பைப் படிக்காமல் விடுவது

ரால்ஸ் படித்தால் அடுத்த கூட்டத்தில், அவரை மறுத்த ராபர்ட் நோசிக்கின் 1974இல் வந்த நூலிலிருந்து ஓர் அத்தியாயம். இல்லாவிட்டால் குழு ஒரு வருடத்தில் பஜனை மடமாகிவிடும்.

ஆள் சேர்ப்பது

பேசுகிறவர்கள் ஆறிலிருந்து எட்டுப் பேர். பன்னிரண்டு பேர் வந்தால் 90 நிமிடத்தில் ஆளுக்கு எட்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

பதிவு செய்வது

வேண்டாம். பதிவாகிறது என்று தெரிந்தால் யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டார்.

வாட்ஸாப்பில் விவாதம்

அறிவிப்புக்கு மட்டும்.

படிக்காமல் வருகிறவர்

திருப்பி அனுப்பாதீர்கள், வேலைப்பளு எல்லோருக்கும் உண்டு. முதல் 35 நிமிடம் அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும், டாக்கில் வாதத்தைத் தட்டச்சு செய்யும் வேலையையும் அவரிடமே கொடுங்கள்.