எண்ணெய்க்கு மேல் மெலமைன்: மர பாலிஷில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறைக்கு இரண்டு பையன்கள் வேலை பழக வருகிறார்கள். காலையில் எண்ணெய் தேய்த்த தேக்குப் பலகையில் சாயங்காலமே மெலமைன் (பளபளப்புக்கு அடிக்கும் வார்னிஷ்) பூச்சுக்கான சீலர், அதாவது அடிக்கோட், அடிக்கப் போனான் ஒருவன். கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் காசு கொடுத்துக் கற்ற பாடம் அது. தூசி துடைப்பது, உப்புத்தாள் போடுவதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

காய்ந்த மாதிரி இருக்கும் எண்ணெய்

ஆளி விதை எண்ணெய் ஸ்பிரிட் போல ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெய் என்றால் வாரக்கணக்கில் ஆகும். 'பாயில்டு' என்று விற்பதில் உலர்த்தி சேர்த்திருப்பதால் சீக்கிரம் காயும். அதையும் தடிமனாக விட்டால் இழுத்தடிக்கும்.

நான் தனியாக எடுத்த முதல் வேலை ஒரு தேக்கு வாசக்கதவு. எண்ணெயின் ஆழமான நிறமும் வேண்டும், மெலமைன் பளபளப்பும் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். சரி என்று பச்சை எண்ணெய் தேய்த்தேன். மூன்றாம் நாள் விரலில் ஒட்டவில்லை. சீலர், அதன் மேல் இரண்டு கோட் மெலமைன். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டே மாதத்தில் கைப்பிடி ஓரம் நகம் பட்ட இடத்தில் பாலாடை போல உரிந்து வந்தது. கதவைக் கழற்றி, மரம் தெரியும்வரை சுரண்டி, முதலிலிருந்து அடித்தேன். தின்னர், கூலி எல்லாம் என் கையிலிருந்து. மூக்கை வைத்துப் பார்த்திருந்தாலே எண்ணெய் வாடை காட்டிக் கொடுத்திருக்கும். இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

இப்போது ஒன்று எண்ணெய் மட்டும்: மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைத் துடைத்துவிட்டு. இல்லையென்றால் நிறத்துக்கு ஸ்டெயின், அப்புறம் சீலர், மெலமைன். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால், முதலில் துண்டுப் பலகையில் அடித்து, காய்ந்தபின் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப் ஒட்டி இழுத்து, பூச்சு உரிகிறதா என்று காட்டுகிறேன்.

சாப்பாட்டு மேசைக்கு அரக்கு பாலிஷ்

வேண்டாம். சுடுபாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். அங்கே பியு (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடியுங்கள். புத்தக அலமாரிக்கு அரக்குதான் என் விருப்பம். கீறல் விழுந்தாலும் புதுக் கோட் பழசோடு கரைந்து சேர்ந்துவிடும்.

மழை நாளில் ஸ்பிரிட் பாலிஷ்

ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஈரக் காற்றில் வெளுத்துப் போகும். வெயில் வரட்டும்.

மேசையின் அடிப்பக்கம்

அதற்கும் அடியுங்கள். இல்லையென்றால் பலகை வளையும்.

எண்ணெய்த் துணி

சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். நேற்று மரத்தூள் மூட்டை மேல் மூன்று துணி சுருட்டிக் கிடந்தது. அதே பையன்தான்.