மயக்க ஊசி போட்டு எண்டோஸ்கோபியா? கூட ஒருவரை அழைத்துப் போங்கள்

வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு உணவுக்குழாய், இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குத் தேதி கிடைத்ததும் முதல் வேலையாக, அன்று முழுக்கக் கூடவே இருக்கக்கூடிய ஒருவரைப் பிடித்து வையுங்கள். வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர் போதாது.

சாப்பாட்டைப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், வெறும் தண்ணீரைப் பல இடங்களில் 2 மணி நேரம் முன்பு வரை விடுவார்கள், ஆனால் உங்கள் கையில் கொடுத்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து, அதனால் ஒரு வாய்தானே என்று ஏமாற்றாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இன்சுலின், எடை குறைக்கப் போடும் ஊசி எதுவானாலும் சில நாள் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

உள்ளே போனதும் பல்செட்டைக் கழற்றச் சொல்வார்கள், கை நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவார்கள், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டுவார்கள். தொண்டைக்கு ஸ்ப்ரே அடித்தால் கசக்கும், எச்சில் விழுங்குவதே தெரியாமல் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கும். பயப்படாதீர்கள், மரத்துப்போனதுதான், மூச்சு தாராளமாக வரும். அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். போடும் மயக்க மருந்து மிடாசோலம் என்றால் அரைத்தூக்கம், கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், ஆனால் பிறகு பெரும்பாலும் நினைவிருக்காது. புரோபோஃபால் என்றால் அநேகமாகத் தூங்கியே விடுவீர்கள். பரிசோதனைக்குத் துளி சதை எடுத்தாலும் வலி தெரியாது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டியது விழித்த பிறகுதான். தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும், அதை நம்பாதீர்கள். மருத்துவர் வந்து விளக்குவார், நீங்களும் தலையாட்டுவீர்கள், கேள்விகூடக் கேட்பீர்கள், சாயங்காலம் பார்த்தால் அவர் வந்து போனதே நினைவில் இருக்காது. அதனால் கூட வந்தவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்: சதை எடுத்தார்களா, முடிவு எப்போது வரும், நிறுத்திய மாத்திரையை எப்போது தொடங்குவது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, மது, முக்கியமான பத்திரத்தில் கையெழுத்து, எதுவும் கூடாது. இரவு தனியாகவும் இருக்காதீர்கள்.

தொண்டை மரத்தது போகும்வரை எதுவும் குடிக்க வேண்டாம். போனதும் முதலில் ஒரு வாய் தண்ணீர், புரையேறவில்லை என்றால் சாப்பிடலாம். தொண்டை ஓரிரு நாள் கரகரக்கும். உள்ளே காற்று செலுத்தித்தான் பார்ப்பார்கள் என்பதால் வயிறு உப்பி ஏப்பம் வரும், கூச்சப்படாமல் விடுங்கள்.

ஆனால் நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, காய்ச்சல், ரத்த வாந்தி, தார் போலக் கருத்த மலம், மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டுவிடலாம், அதனால் இதைக் கூட இருப்பவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.